திருப்பிக் கொடுப்பதற்காக வளர்த்த பிள்ளை

மாதத்தில் ஒன்றிரண்டு முறையாவது யாரேனும் என்னைத் தொலைபேசியில் அழைத்து, சுகம் விசாரித்து, மழையைப் பற்றியும் காய்கறி விலையைப் பற்றியும் பேசிவிட்டு, கடைசியில் தயங்கித் தயங்கி அந்தக் கேள்விக்கு வருகிறார்கள். "டீச்சர், உங்களுக்குக் கெபாஜிக்கான்ல ஆளுங்கள தெரியுமாமே, எங்களுக்கு ஒரு பிள்ளை கிடைக்குமா? பச்சப்புள்ளயா இருந்தா நல்லது." கெபாஜிக்கான் என்று இங்கே சொல்வது சமூகநலத் துறையை. கேட்பவர்கள் நல்லவர்கள். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் பிள்ளைக்காகக் காத்திருந்து, கோயில் கோயிலாக ஏறி இறங்கி, சேமிப்பையெல்லாம் மருத்துவத்தில் கரைத்தவர்கள். அவர்கள் கேட்பது தத்து என்றும், நானும் என் கணவரும் செய்தது வளர்ப்பு என்றும், இரண்டும் ஒன்றல்ல என்றும் சொல்லும்போது மறுமுனை சற்று நேரம் அமைதியாகிவிடும். பிறகு, "அப்போ அந்தப் பிள்ளைய திருப்பிக் குடுத்துட்டீங்களா டீச்சர்?" என்று கேட்பார்கள். ஆமாம் என்பேன். அந்த ஓர் 'ஆமாம்' எப்படி வந்தது என்பதைத் தொலைபேசியில் சொல்லி முடிக்க இயலவில்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

நான் இருப்பது மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில், எண்ணெய் தரும் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கும் ஒரு சிறு பட்டணம். அதன் பெயரை எழுத மாட்டேன். மலேசியாவின் 2001ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டம் தன் 15ஆம் பிரிவில், நீதிமன்றப் பராமரிப்புக்குள் வந்த ஒரு பிள்ளையை அடையாளம் காட்டக்கூடிய எதையும் வெளியிடக் கூடாது என்கிறது. அந்தத் தடை இல்லாவிட்டாலும் எழுதியிருக்க மாட்டேன். எங்கள் ஊரில் இரண்டு தெருவுக்கு அப்பால் தும்மினால் யார் தும்மினார்கள் என்று சொல்லிவிடுவார்கள். பிள்ளையைப் பற்றிய சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். மற்றவை நடந்தவை நடந்தபடியே இருக்கின்றன.

பிறர் பிள்ளையை வளர்ப்பது தோட்டத்து மக்களுக்குப் புதிதன்று. கித்தா என்று நாங்கள் சொல்லும் ரப்பர் மரக் காலத்தில், விடியற்காலைப் பெரட்டுக்கு, அதாவது பெயர் கூப்பிடும் வேலைக் கூட்டத்துக்கு, போகும் தாய், தோளில் தூங்கும் குழந்தையை ஆயாக் கொட்டகையில் இறக்கிவிட்டுத்தான் வாளியைத் தூக்குவாள். கூரைக் கட்டையில் வரிசையாகச் சேலைத் தொட்டில்கள் தொங்கும். ஓர் ஆயா ஒரே கயிற்றால் நான்கு தொட்டில்களை ஆட்டுவதை நானே பார்த்திருக்கிறேன். பால் வெட்டி, அதை ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டுத் தாய் வரும்வரை அந்தப் பிள்ளைகள் தோட்டம் முழுமைக்கும் பிள்ளைகள். தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடுகளான லயம் ஒன்றில் தாய் இறந்துபோனால், அடுத்த லயத்தில் பால் கொடுத்துக்கொண்டிருப்பவள் யாரும் சொல்லாமலே அந்தக் குழந்தையை மடியில் வாங்கிக்கொள்வாள்.

என் பாட்டி அப்படி வாங்கிக்கொண்டவர்தான். பக்கத்து வீட்டுப் பெண் பிரசவத்தில் இறந்தாள். அவளுடைய கணவர் சில வாரங்களில் வேறு தோட்டத்துக்குப் போனவர் திரும்பி வரவில்லை. பாட்டி அந்தப் பையனைத் தம் கடைசி மகளோடு சேர்த்துப் பால் கொடுத்து வளர்த்தார். அவர்தான் எங்களுக்குச் சித்தப்பா. அவரைச் சித்தப்பா அல்லாதவராக நாங்கள் ஒரு நாளும் நினைத்ததில்லை. ஆனால் அவருக்குப் பிறப்புப் பத்திரம் இல்லை. பெற்ற தாய் இறந்துவிட்டாள், தந்தை பதியவில்லை, பாட்டிக்குப் பதிய வேண்டும் என்பதே தெரியாது. பன்னிரண்டு வயதில் ஐசி என்னும் அடையாள அட்டை எடுக்கப் போனபோதுதான் அவர் யாருடைய பிள்ளையும் அல்லர் என்பது தெரிய வந்தது. பல ஆண்டுகள் அலைந்து, நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு ஐசி கிடைத்தது. நாற்பது ஆண்டுகள் இந்த நாட்டின் மரங்களில் பால் வெட்டியவர் ஒரு தேர்தலில்கூட வாக்களிக்காமல் இறந்துபோனார். பாட்டியின் அன்பில் ஒரு குறையும் இல்லை. அந்த அன்பை ஒரு காகிதத்தில் எழுதிவைக்க ஆள் இல்லாமல் போயிற்று; அதற்கான விலையை வாழ்நாள் முழுதும் சித்தப்பாதான் கொடுத்தார்.

அந்தத் தோட்டமும் இப்போது இல்லை. கித்தா போய்ச் செம்பனை வந்தது, லயங்கள் உடைக்கப்பட்டன, மக்கள் மலிவு விலை வீடுகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் சிதறினார்கள். பத்து வீட்டுச் சமையலின் மணமும் ஒரே நடையில் கலந்த காலம் போய், அடுத்த வீட்டில் யார் குடியிருக்கிறார்கள் என்பது தெரியாத காலம் வந்துவிட்டது. ஒரு பிள்ளை பசித்திருந்தால் தானாகத் தெரிந்துவிடும் என்ற நிலை இப்போது இல்லை. ஆகவே ஒரு காலத்தில் ஊர் செய்ததை இன்று சட்டமும் அலுவலகமும் செய்ய வேண்டியிருக்கிறது. இதைச் சிலர் வருத்தத்தோடு சொல்வார்கள். சித்தப்பாவை நினைத்துப் பார்க்கும் எனக்கு முழு வருத்தமும் இல்லை.

என்னிடம் வந்து சேர்ந்த பிள்ளை என் பள்ளியில் முதலாம் ஆண்டு படித்தவள். ஏழு வயது. தந்தை எங்கோ போய்விட்டார். தாய்க்கு மனநோய், அது அப்போது யாருக்கும் நோயாகத் தெரியவில்லை, 'ஒரு மாதிரியான பொம்பள' என்றுதான் பேசினார்கள். 2019 ஆகஸ்டில் தாய் வீட்டைவிட்டு எங்கோ போய் இரண்டு இரவுகள் திரும்பாமல் இருந்தபோது, பக்கத்து வீட்டு இந்தோனேசியப் பெண் ஒருத்தி 15999 என்ற தாலியான் காசே உதவி எண்ணுக்கு அழைத்துச் சொன்னாள். அந்தப் பெண்ணுக்கு இன்றும் மனத்துக்குள் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன். தமிழர் வீடுகள் எத்தனையோ இருந்த அந்த வரிசையில் யாரும் அழைக்கவில்லை. பிறர் குடும்ப விஷயத்தில் தலையிடக் கூடாது என்று இருந்துவிட்டார்கள்.

சமூகநலத் துறை அதிகாரி வந்தார். சட்டம் அவரைப் 'பெலின்டுங்' என்கிறது, பாதுகாவலர் என்று பொருள். அப்படித் தற்காலிகமாக எடுக்கப்பட்ட பிள்ளையை 24 மணி நேரத்துக்குள் சிறுவர் நீதிமன்றத்தின் முன் நிறுத்த வேண்டும். அங்கே மாஜிஸ்திரேட்டோடு இரண்டு ஆலோசகர்கள் அமர்வார்கள். அவர்களில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. பிள்ளையை முதலில் ஒரு பாதுகாப்பு இல்லத்துக்கு அனுப்பினார்கள். பிறகு அந்த அதிகாரி உறவினர்களைத் தேடிக்கொண்டு ஊர் முழுக்க நடந்தார். தாய்மாமன் ஒருவர் இருந்தார். அவர் வீட்டில் ஏற்கெனவே ஆறு பேர் இரண்டு அறைகளில் படுத்தார்கள். அப்பாவழியில் யாரும் கதவைத் திறக்கவில்லை. கடைசியில் பள்ளிக்கு வந்து என் முன்னால் உட்கார்ந்து, "சிகு, உங்களைப் பற்றி மட்டும்தான் அந்தப் பிள்ளை பேசுகிறாள்" என்று மலாயில் சொன்னார்; சிகு என்றால் ஆசிரியர். எனக்குப் பணி ஓய்வுக்கு இன்னும் ஒரு வருடம் இருந்தது. என் பிள்ளைகள் இருவரும் வேலையாகி வெளியூர் போய்விட்டார்கள். வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை ஒன்றும் பேசவில்லை; கை கழுவிவிட்டு வந்து, "எந்த ரூம்ல படுக்க வைக்கிறது?" என்று கேட்டார்.

இங்கே சட்டத்தின் வகைகளைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் மக்கள் எல்லாவற்றையும் 'பிள்ளை எடுத்து வளர்க்கிறது' என்ற ஒரே சொல்லில் போட்டுவிடுகிறார்கள். நான் 'வளர்ப்புத் தாய்' என்று என்னைச் சொல்லிக்கொண்டாலும், சட்டத்தின் கணக்கில் நான் வளர்ப்புத் தாய் அல்ல. சிறுவர் சட்டத்தின் 30ஆம் பிரிவு நீதிமன்றத்துக்குப் பல வழிகளைத் தருகிறது. பெற்றோரிடமே பிள்ளையை விட்டு, ஒழுங்காகப் பார்த்துக்கொள்வோம் என்று அவர்களிடம் உறுதிப் பத்திரம் எழுதி வாங்கலாம். 'தகுதியும் பொருத்தமும் உடைய ஒருவர்' கையில் குறிப்பிட்ட காலத்துக்கு ஒப்படைக்கலாம். நானும் என் கணவரும் இந்த வகை. பாதுகாப்பு இல்லத்தில் வைக்கலாம். பெற்றோரோ காப்பாளரோ இல்லாத பிள்ளை, கைவிடப்பட்ட பிள்ளை என்றால், துறை பொருத்தமானவர்கள் என்று கண்ட வளர்ப்புப் பெற்றோரிடம் இரண்டு ஆண்டுகளுக்கோ பதினெட்டு வயது நிறையும் வரைக்கோ, எது முன்னே வருகிறதோ அதுவரை, ஒப்படைக்கலாம். மலாயில் 'இபு பாபா பெலிஹாரா' என்று சொல்லப்படுபவர்கள் இவர்கள்தான். அந்த இரண்டு ஆண்டுகளில் பெற்றவர் யாரும் வந்து தொடர்புகொள்ளாவிட்டால், அதே குடும்பம் தகுதியோடு விரும்பி வந்தால், தத்துக்கான வழி திறக்கிறது. குழந்தையில்லாத தம்பதிகள் அறிந்திருக்க வேண்டிய பாதை இது.

உறவுக்குள் வளர்ப்பது இன்னொரு வகை. உண்மையில் நம்மிடம் மிகப் பெரிய வகை அதுவே. அக்காள் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறாள், பிள்ளை பாட்டியிடம்; தம்பி சிறையில் இருக்கிறான், பிள்ளைகள் பெரியப்பா வீட்டில். இதற்கு எந்த அலுவலகமும் வேண்டாம் என்று நினைக்கிறோம். ஆனால் இன்னொருவர் பிள்ளையைத் தன் பராமரிப்பில் எடுத்துக்கொள்பவரும், அப்போது அந்தப் பிள்ளை யாரிடம் இருந்ததோ அவரும் ஒரு வாரத்துக்குள் பாதுகாவலரிடம் தெரிவிக்க வேண்டும் என்று 35ஆம் பிரிவு பொதுவாகச் சொல்கிறது; உறவினருக்கு அது எப்படிப் பொருந்தும் என்பதை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். நான் கேட்ட வரையில் எங்கள் ஊரில் ஒருவருக்கும் இது தெரியாது. தெரிவித்தால் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம் வேறு. என் அனுபவத்தில், தெரிவித்த குடும்பத்துக்குத்தான் பந்துவான் அனாக் பெலிஹாரா போன்ற உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வழி கிடைத்தது. பள்ளியில் சேர்க்கவும், ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போடவும் கையில் ஒரு கடிதம் இருந்தது. தெரிவிக்காத பாட்டிமார்கள் ஒவ்வொரு கவுன்டரிலும் கைகட்டி நிற்கிறார்கள்.

தத்து என்பது இவை எதையும் போன்றதன்று. தீபகற்பத்தில் அதற்கு இரண்டு சட்டங்கள், இரண்டுமே 1952ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. தத்தெடுப்புச் சட்டம் முஸ்லிம் அல்லாதவர்களுக்கு உரியது. நீதிமன்றம் வழியாக நடப்பது. ஆணை கிடைத்தபின் பிள்ளை முழுக்க முழுக்கத் தத்தெடுத்தவரின் பிள்ளை, பெற்றவரின் உரிமைகள் அற்றுப்போகும். தத்துப் பதிவுச் சட்டம் எல்லோருக்கும் பொது. குறைந்தது இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து வளர்த்தவர் பதிவாளரிடம் பதிந்துகொள்ளலாம். ஆனால் சொத்துரிமை அதில் வராது. எந்த வழியில் போனாலும் பிள்ளைக்குக் குடியுரிமை தானாக வந்துவிடாது என்பதைப் பலர் பிந்தித்தான் கண்டுபிடிக்கிறார்கள். பிறப்புப் பத்திரத்தில் பெற்றோர் விவரம் இருக்க வேண்டிய இடத்தில் 'மக்லுமாட் தீடாக் டிபெரோலேஹி', விவரம் கிடைக்கவில்லை, என்று அச்சான ஒரு பிள்ளையை நான் பாடசாலையில் சேர்த்திருக்கிறேன். எட்டு வயதுப் பையன் அந்த வரியை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்த பார்வை இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது நம்மிடையே நடக்கிறது. பிரசவித்த பெண்ணிடம் பணம் கொடுத்துக் குழந்தையை வாங்கி, பிறப்புப் பதிவில் தங்கள் பெயரையே பெற்றோர் என்று போட்டுவிடுகிறார்கள். அன்பினால் செய்தோம் என்பார்கள். பணத்துக்குப் பிள்ளை கைமாறுவது குற்றம், பொய்ப்பதிவும் குற்றம். அதைவிடக் கொடுமை, என்றாவது அந்தப் பொய் அவிழும்போது ஐசியை இழந்து நிற்பது அந்தப் பிள்ளைதான். தயவுசெய்து அந்த வழியில் போகாதீர்கள்.

இல்லங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. எல்லா இல்லங்களும் மண்டபத்தில் வரிசைக் கட்டில்கள் போட்டவை அல்ல. 1949இல் ஆஸ்திரியாவின் இம்ஸ்ட் நகரில் ஹெர்மன் குமைனர் தொடங்கிய எஸ்ஓஎஸ் சிறுவர் கிராமங்கள், ஒரு தாய், சில பிள்ளைகள், ஒரு வீடு என்ற அமைப்பில் இயங்குபவை. சிரம்பான், ஈப்போ, பினாங்கு ஆகிய ஊர்களில் அவை இருக்கின்றன. ரூமா துனாஸ் ஹராப்பான் என்ற பெயரில் சமூகநலத் துறையும் அதே குடும்ப முறையில் வீடுகளை நடத்தி வந்திருக்கிறது. அண்ணன் தம்பிகள் நான்கைந்து பேரைப் பிரிக்காமல் வைத்திருக்க இவை சில நேரங்களில் ஒரே வழி. என்றாலும் கைக்குழந்தைகளுக்கு இல்லம் ஏற்றதன்று என்பதில் எனக்கு ஐயமில்லை. ருமேனியத் தலைநகர் புக்காரெஸ்டில் 2000ஆம் ஆண்டில் தொடங்கிய ஆய்வொன்றில், ஆறு இல்லங்களிலிருந்து 136 குழந்தைகளைத் தேர்ந்து, சீட்டுக் குலுக்குவதுபோல் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். மீதிப் பேர் வழக்கமான பராமரிப்பில் இருந்தார்கள். குடும்பத்துக்குப் போனவர்களின் அறிவு வளர்ச்சியும் பிறரோடு ஒட்டும் தன்மையும் மேம்பட்டன. ஏறக்குறைய இரண்டு வயதுக்கு முன் போனவர்களிடம் அந்த வேறுபாடு மிகத் தெளிவாக இருந்தது. 2009இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்ற மாற்றுப் பராமரிப்பு நெறிமுறைகளும், மூன்று வயதுக்குட்பட்டவர்களைக் குடும்பச் சூழலிலேயே வைக்க வேண்டும் என்கின்றன. எங்கள் ஆயாக் கொட்டகைகளில்கூடப் பொழுது சாய்ந்தால் ஒரு தாய் வந்து தன் பிள்ளையைப் பெயர் சொல்லித் தூக்கிப் போவாள் அல்லவா.

எங்களை ஏற்பதற்கு முன் அதிகாரி இரண்டு முறை வீட்டுக்கு வந்தார். ஐசி நகல், திருமணப் பத்திரம், சம்பளச் சீட்டு, மருத்துவச் சான்று ஆகியவற்றைக் கேட்டார். சமையலறையைப் பார்த்தார், கிணற்றுக்கு மூடி உண்டா என்று பார்த்தார். என் கணவரைத் தனியாக உட்காரவைத்து, கோபம் வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். என்னிடம் கேட்ட கேள்வி வேறு. "அவளுடைய அம்மாவைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், சிகு?" நான் வாய் திறப்பதற்குள் அவர் சொன்னார், "பதிலை இப்போது சொல்ல வேண்டாம். இந்தப் பிள்ளை வீட்டில் இருக்கும்வரை ஒவ்வொரு நாளும் அந்தப் பதிலைக் கேட்டுக்கொண்டேயிருப்பாள்." வளர்ப்பைப் பற்றி எனக்குக் கிடைத்த பயிற்சியில் இதைவிடப் பெரியது ஒன்றுமில்லை.

அவள் வந்த முதல் இரவு, நாங்கள் ஆசையாகத் தயார் செய்த அறையில் படுக்கவில்லை. தலையணையை இழுத்துக்கொண்டு வந்து வாசற்கதவை ஒட்டிப் படுத்தாள். தூக்கி உள்ளே படுக்க வைத்தால், நள்ளிரவில் மறுபடி வாசலில் இருப்பாள். நான்காம் நாள்தான் காரணம் சொன்னாள். "அம்மா ராத்திரிலதான் வருவாங்க டீச்சர். கிரில் பூட்டியிருந்தா போயிடுவாங்க." அன்று மாலை என் கணவர் கிரில் கதவின் சாவியை எடுத்து, கதவுக்குப் பக்கத்துச் சுவரில், அவளுடைய தோள் உயரத்துக்கு ஓர் ஆணி அடித்து அதில் மாட்டினார். வெளிக்கேட்டுக்கு வேறு பூட்டு உண்டு, ஆகவே பயமில்லை. "அம்மா வந்தா நீயே திறந்து விடும்மா" என்றார். தம்முடைய மெத்தையையும் கூடத்துக்குக் கொண்டுவந்து போட்டுக்கொண்டார். மூன்று மாதங்கள் இருவரும் கூடத்தில்தான் படுத்தார்கள். பிறகு ஒரு நாள், மழை இரவில், அவளாகவே எழுந்து அறைக்குப் போனாள். சாவி ஆணியிலேயே இருந்தது.

அவளை என்னை 'அம்மா' என்று கூப்பிடச் சொல்லுமாறு எத்தனையோ பேர் அறிவுரை சொன்னார்கள். நான் சொல்லவில்லை. அவளுக்கு அம்மா இருந்தாள். நான் டீச்சராகவே இருந்தேன், கணவர் தாத்தாவானார். 'உன்னத் தவிட்டுக்கு வாங்கினோம்' என்று பிள்ளைகளைக் கேலி செய்யும் நம் பழைய வழக்கத்தை என் சொந்தக்காரர் ஒருவர் விளையாட்டாக அவளிடம் சொன்னார். பெற்ற பிள்ளைக்கு அது கேலி, இவளுக்கு அது உண்மைச் செய்தி. அன்று இரவு, "டீச்சர், தவிடு எவ்வளவு குடுத்தீங்க?" என்று கேட்டாள். ஒரு கிளினிக்கின் கவுன்டரில் ஓர் ஊழியர், கூட்டத்துக்குக் கேட்கும்படி, "இது யாரு பிள்ள, கெபாஜிக்கான் பிள்ளையா?" என்று கேட்டதும் உண்டு. அப்போதிருந்து, பிள்ளையை எங்களிடம் ஒப்படைத்த நீதிமன்ற ஆணைக் கடிதத்தை நான்காக மடித்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, அவர்கள் கேட்பதற்கு முன்பே ஓசையில்லாமல் நீட்டக் கற்றுக்கொண்டேன்.

'ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும்' என்று என்னைப் பாராட்டுவதாக நினைத்துச் சொல்வார்கள். அந்தப் பழமொழியை அந்தப் பொருளில் என்னால் ஏற்க முடியவில்லை. அதில் ஊரார் பிள்ளை ஒரு முதலீடு. லாபம் தன் பிள்ளைக்கு. வளர்ப்பவர் புண்ணியக் கணக்கு எழுதத் தொடங்கினால் பிள்ளை நன்றி சொல்லிக்கொண்டேயிருக்க வேண்டியதாகிவிடும். உணவுக்கும் உறக்கத்துக்கும் ஒரு பிள்ளை யாருக்கும் நன்றிக்கடன் பட்டதன்று.

தாய் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, சிகிச்சை தொடங்கியிருந்தது. மாதம் ஒரு முறை, சமூகநல அலுவலகத்தின் ஓர் அறையில், அதிகாரி முன்னிலையில் அவள் மகளைப் பார்ப்பாள். முதல் சந்திப்புக்குப் பிறகு இரண்டு நாள் பிள்ளை யாரோடும் பேசவில்லை, படுக்கையை நனைத்தாள். இனி இந்தச் சந்திப்பே வேண்டாம் என்று நானே அதிகாரியிடம் கெஞ்சினேன். என் வாழ்க்கையில் நான் வெட்கப்படும் பேச்சு அது. பிள்ளையின் துயரத்தைப் பொறுக்க முடியாமல் கேட்டதாக அப்போது நினைத்தேன். அவளுடைய மனத்தில் எனக்குப் போட்டியாக ஒருத்தி இருப்பதைப் பொறுக்க முடியாமல் கேட்டேன் என்பது பிறகு புரிந்தது. அதிகாரி மறுத்துவிட்டார். நல்லவேளை.

பிறகு 2020 மார்ச் 18இல் கோவிட் தொற்றுக்கான நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. சந்திப்புகள் நின்றன. கைத்தொலைபேசியின் சிறு திரையில் தாயும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு பேச ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு நாள் நான் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தபோது, திரைக்குள்ளிருந்து தாய், "டீச்சர், அவளுக்குக் கறிவேப்பில வாயில பட்டா புடிக்காது, எடுத்துட்டுக் குடுங்க" என்றாள். ஏழு மாதங்களாக அந்தப் பிள்ளை கறிவேப்பிலையை வாய்க்குள் ஒதுக்கி, நான் பார்க்காதபோது துப்பிக்கொண்டிருந்திருக்கிறாள். அன்று முதல் நான் அவளுடைய தாயிடம் கேட்கத் தொடங்கினேன். காய்ச்சல் வந்தால் என்ன செய்வீர்கள், எந்தப் பாட்டுக்குத் தூங்குவாள், தலைக்கு எந்த எண்ணெய். நோயிலிருந்து எழுந்துவந்துகொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு, தன் பிள்ளையைப் பற்றித் தனக்கு மட்டும் தெரிந்தவை சில உண்டு என்பதைவிட நல்ல மருந்தை நான் கொடுத்திருக்க முடியாது.

ஒன்றரை ஆண்டுக்கும் மேற்பட்ட இடைவெளிக்குப் பிறகு, 2021 நவம்பரில் அவர்கள் நேரில் சந்தித்தார்கள். தாய் ஒரு நெகிழிப் பையில் பள்ளிக் காலணி வாங்கி வந்திருந்தாள். வெள்ளைக் கேன்வாஸ் காலணி. அதற்குள் பள்ளிகள் எல்லாம் கறுப்புக் காலணிக்கு மாறியிருந்தன. அது அவளுக்குத் தெரியாது. அளவும் ஏழு வயதுக் காலின் அளவு. பிள்ளைக்கு ஒன்பது முடிந்திருந்தது. அவள் அந்தக் காலணியைக் கையில் எடுத்துப் பார்த்தாள். தாயின் முகத்தைப் பார்த்தாள். பிறகு குனிந்து, குதிப்பக்கத்தை உள்ளே மடக்கிவிட்டு, செருப்பைப் போல நுழைத்துக்கொண்டு, அந்த அறையில் ஒரு மணி நேரமும், பிறகு கார் வரைக்கும், பிறகு வீட்டு வாசல் வரைக்கும் அப்படியே நடந்து வந்தாள். வீட்டில் கழற்றியபோது சுண்டுவிரல் தோல் உரிந்திருந்தது. எண்ணெய் தடவிவிட்டேன். இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

2022 மார்ச்சில், புதிய பள்ளித் தவணை தொடங்கும் முன், நீதிமன்றம் பிள்ளையைத் தாயிடம் திருப்பிக் கொடுத்தது. தாயிடமிருந்து உறுதிப் பத்திரம் வாங்கிக்கொண்டு, அதிகாரியின் மேற்பார்வை தொடர வேண்டும் என்ற நிபந்தனையோடு. தாய் தன் அக்காளின் வீட்டுக்குப் பக்கத்தில் வாடகைக்கு வீடு பார்த்திருந்தாள், மருந்தை விடாமல் சாப்பிட்டாள், ஒரு பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் வேலையும் கிடைத்திருந்தது. நான் பிள்ளையின் துணிகளோடு, மருத்துவ அட்டை, பள்ளி அறிக்கைகள், பல் விழுந்த தேதிகள் எழுதிய குறிப்பேடு ஆகியவற்றையும் ஒரு பெட்டியில் வைத்துக் கொடுத்தேன். அவள் போன பிறகு ஒரு மாதம் நான் கோயிலுக்குக்கூடப் போகவில்லை. இதை மறைத்து எழுதினால், வளர்க்க முன்வரும் உங்களை ஏமாற்றியதாகும். வலிக்கும். அந்த வலி வரக் கூடாது என்று அளந்து அளந்து அன்பு செலுத்தினால் பிள்ளைக்கு அது தெரிந்துவிடும். ஆகவே அளக்கவும் முடியாது.

பிரிட்டனில் வளர்ப்புக் குடும்பங்களை வகை வகையாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். நள்ளிரவில் அழைத்தாலும் கதவைத் திறக்கும் அவசர வளர்ப்பு, சில மாதங்களுக்கான குறுகிய கால வளர்ப்பு, பெரியவர்களாகும்வரை நீளும் நெடுங்கால வளர்ப்பு, தத்தில் முடியக்கூடிய வளர்ப்பு, களைத்துப்போன பெற்றோருக்கோ வளர்ப்போருக்கோ வார இறுதியில் ஓய்வு கொடுக்கும் இடைவேளை வளர்ப்பு என்றெல்லாம் பெயர்கள் உண்டு. ஒவ்வொரு பிள்ளைக்கும் வாராந்தரப் படித்தொகையும் உண்டு. இவற்றில் அந்த இடைவேளை வளர்ப்புதான் எங்கள் ஊருக்கு மிகத் தேவை என்பது என் எண்ணம். பேரப்பிள்ளைகள் மூவரைத் தனியாக வளர்க்கும் பாட்டிகளை எனக்குத் தெரியும். மாதத்தில் ஒரு சனி ஞாயிறு அந்தப் பிள்ளைகளை உங்கள் வீட்டுக்கு அழைத்துக்கொண்டால், அந்தப் பாட்டி ஆஸ்பத்திரிக்குப் போய் முழங்காலைக் காட்டிவிட்டு வருவார். பெரிய பொறுப்பை ஏற்கத் தயங்குபவர்கள் இதிலிருந்து தொடங்கலாம். குடும்பத்தை அறிந்து, அதிகாரியிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய்யுங்கள். பிள்ளைகள் விஷயத்தில் எந்த நன்மையும் பிறர் அறியாமல் நடக்கக் கூடாது.

என்னை அழைப்பவர்களுக்கு இப்போதெல்லாம் இவ்வளவையும் சொல்லிவிட்டு, அவரவர் மாவட்டச் சமூகநல அலுவலகத்துக்குக் கணவன் மனைவி இருவருமாகப் போய்ப் பேசுங்கள் என்கிறேன். தத்து வேண்டுமென்றால் தத்து என்று வெளிப்படையாகக் கேளுங்கள், அதில் குறையொன்றும் இல்லை. வளர்ப்பு என்றால், ஏழு வயது, பத்து வயது, இரண்டு உடன்பிறப்புகள் சேர்ந்து வருவது, இவற்றுக்கும் மனத்தைத் தயார் செய்துகொண்டு போங்கள். கைக்குழந்தைக்கு வரிசை நிற்கும். பத்து வயதுப் பையனுக்கு யாரும் நிற்பதில்லை.

அவள் தீபாவளிக்கு வந்தாள், தாயோடு. முறுக்குச் சுட உதவினாள். அளவில் பெரிய கறுப்புக் காலணி அணிந்திருந்தாள்; தாய் இந்த முறை ஒரு வருடத்துக்குச் சேர்த்து வாங்கியிருக்கிறாள்.

போன மாதம் அதிகாரி மறுபடி அழைத்தார். ஐந்து வயதுப் பையன், சில மாதங்களுக்கு. முதல் இரவு அவன் வாசற்கதவுப் பக்கம் போகவில்லை. சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். சுவரில் தொங்கிய சாவியைப் பார்த்து அது எதற்கு என்று கேட்டான். என் கணவர் சொன்னார். அவன் எக்கிப் பார்த்தான், கை எட்டவில்லை. அவர் உள்ளே போய்ச் சுத்தியலை எடுத்து வந்து, ஒரு சாண் கீழே இன்னோர் ஆணி அடித்தார்.